ஒரு பொருளுக்கு ஒரு பெயர்

ஒரே நெல்லுக்குப் பல பெயர்கள் வழங்குவது காவிரிப் பாசனப் பகுதியில் யாருக்கும் வியப்பளிக்கும் விஷயமன்று. கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான சி.ஆர். 1009 என்னும் நீண்டகால ரகத்தை ஒரு விவசாயி 'சாவித்திரி' என்று கேட்பார். அடுத்த ஊர்க்காரர் 'பொன்மணி' என்பார். மூன்றாமவர் 'ஆயிரத்தொன்பது இருக்கா?' என்று இலக்கத்தைச் சொல்லியே வேலையை முடித்துக்கொள்வார். ஆந்திரப் பகுதியின் பாபட்லாவிலிருந்து வந்த பி.பி.டி. 5204-க்கோ 'சம்பா மசூரி' என்பது ஒரு பெயர், 'ஆந்திரா பொன்னி' என்பது மற்றொரு பெயர். விதைக் கடையில் பல வருஷம் இருந்து பழகிய கணக்குப்பிள்ளைக்கு இவற்றால் ஒரு சங்கடமும் நேர்வதில்லை. எந்தப் பெயர் காதில் விழுந்தாலும் எந்த அடுக்கிலிருந்து மூட்டையை எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய பேரேடு எக்செல் தாளாக மாறி, மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்து பதிவு செய்யும் நிலை வந்த பிறகு, பேச்சில் தொல்லையற்றிருந்த இந்தப் பெயர்ப் பெருக்கமே கணக்கில் பெருந்தொல்லையாக முளைக்கிறது.

காரணம் எளியது. யந்திரம் எழுத்தை அறியுமேயன்றிப் பொருளை அறியாது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 'ஆடுதுறை 45' என்னும் குறுகியகால ரகத்தையே எடுத்துக்கொள்வோம். காலையில் கடையில் இருப்பவர் அதனை 'ஆடுதுறை 45' என்று தட்டுகிறார். மாலையில் வருபவர் ஆங்கிலச் சுருக்கத்தைப் பின்பற்றி 'ஏடிடி 45' என்று தட்டுகிறார். விடுமுறைக்கு வந்து உதவி செய்யும் பையன் இடைவெளி விடாமல் 'ஏடிடி45' என்று தட்டுகிறான். வேறொருவர் முறையாக 'ஆடுதுறை 45' என்றே தட்டிவிட்டு, கை வழக்கத்தில் இறுதியில் ஒரு வெற்றிடத்தையும் தட்டிவிடுகிறார். பருவ முடிவில் முதலாளி ரகவாரியாக மொத்தம் போடச் சொல்லும்போது, திரையில் ஒரு வரிக்குப் பதிலாக நான்கு வரிகள் வந்து நிற்கின்றன: 140 மூட்டை, 85 மூட்டை, 60 மூட்டை, 15 மூட்டை. உண்மையில் விற்றது 300 மூட்டை. ஆயினும் 'ஆடுதுறை 45' என்று தேடுகிறவருக்குக் கிடைக்கும் விடை 140. கூட்டலில் பிழை இல்லை. கூட்டச் சொன்னதை யந்திரம் அட்சரம் பிசகாமல் கூட்டியிருக்கிறது. நான்காவது வரியிலுள்ள பெயரும் முதல் வரியிலுள்ள பெயரும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். இறுதியில் ஒட்டியுள்ள வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாதாகையால், எங்கே தவறு என்று தேடுவதற்குள் பொழுது போய்விடுகிறது.

தமிழில் பதிவு செய்வோருக்கு இந்த ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். 'ஔவை' என்று எழுதும்போது 'ஔ' என்னும் ஓரெழுத்தைத் தட்டுவோரும் உண்டு. 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்துத் தட்டுவோரும் உண்டு. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். கம்ப்யூட்டருக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஊர்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் சொல்லி முடியாது. திருநெல்வேலி, நெல்லை, கோயம்புத்தூர், கோவை, தஞ்சாவூர், தஞ்சை, திருச்சிராப்பள்ளி, திருச்சி என்று முழுப்பெயரும் மரூஉவும் சமமான உரிமையோடு வழங்கும் நாட்டில், 'ஊர்' என்னும் கட்டத்தை வெறுமனே திறந்துவிட்டால், ஐம்பது ஊர்களுக்கு நூறு பெயர்கள் சேர்வதில் ஆச்சரியமில்லை.

இந்த நோய்க்கு எக்செல், கூகுள் ஷீட்ஸ் முதலிய விரிதாள்களிலேயே ஒரு மருந்து உண்டு. கட்டத்தில் எழுதுவதற்குப் பதிலாக, அதன் ஓரத்தில் தோன்றும் சிறிய அம்புக்குறியைத் தொட்டால் ஒரு பட்டியல் கீழே விரியும். அதிலுள்ள பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். பட்டியலில் இல்லாத எதையும் கட்டம் ஏற்றுக்கொள்ளாது. இதனை டிராப்டவுன் பட்டியல் என்பார்கள். விரிதாள் பிறந்தபோதே இந்த வசதி கூடப் பிறக்கவில்லை. டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979-இல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக விசிகால்க் என்னும் முதல் புகழ்பெற்ற விரிதாளை வெளியிட்டபோது, ஒரு கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்னும் சுதந்திரமே அதன் தனிக் கவர்ச்சியாக இருந்தது. 1985-இல் மக்கின்டோஷ் கம்ப்யூட்டருக்கென வெளிவந்த எக்செல்லும் அந்த வழியிலேயே நடந்தது. கட்டத்துக்கு வரம்பு கட்டும் 'டேட்டா வேலிடேஷன்' என்னும் வசதி, எக்செல் 97 பதிப்பிலேதான் வந்து சேர்ந்தது. தனி ஒருவரின் மேஜைக் கருவியாயிருந்த விரிதாள், பலர் சேர்ந்து பதிவு செய்யும் பொதுப் பேரேடாக மாறியபின், சுதந்திரத்துக்கு ஒரு கட்டுப்பாடு தேவைப்பட்டதென்பது இதனால் விளங்கும்.

அமைக்கும் முறை சிரமமானதன்று. பதிவுத் தாளைத் தவிர அதே கோப்பில் இன்னொரு தாளைத் திறந்து, அதற்குப் 'பட்டியல்' என்று பெயரிட்டு, கடையில் விற்கும் ரகங்களை ஒரே பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பதிவுத் தாளுக்கு வந்து, ரகத்தின் பெயர் எழுத வேண்டிய கட்டங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, மேலேயுள்ள 'டேட்டா' என்னும் பகுதியில் 'டேட்டா வேலிடேஷன்' என்பதைத் திறந்தால் ஒரு சிறு ஜன்னல் தோன்றும். அதில் 'அலவ்' என்னுமிடத்தில் 'லிஸ்ட்' என்பதைத் தேர்ந்து, 'சோர்ஸ்' என்னுமிடத்தில் முன்பு எழுதிய பத்தியைச் சுட்டிக்காட்டி 'ஓகே' கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கூகுள் ஷீட்ஸில் 'இன்சர்ட்' மெனுவிலேயே 'டிராப்டவுன்' என்று இருக்கிறது. விலையில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதே காரியம் 'டேட்டா' மெனுவின் 'வேலிடிட்டி' என்னும் இடத்தில் நடக்கும். மவுஸைத் தொட விரும்பாத வேகமான கைகளுக்கும் எக்செல்லில் வழியுண்டு: கட்டத்தில் நின்றுகொண்டு 'ஆல்ட்' விசையோடு கீழ்நோக்கிய அம்பு விசையை அழுத்தினால் பட்டியல் விரியும்.

'ஆம், இல்லை' என்பது போன்ற இரண்டு மூன்று விடைகளே உள்ள இடத்தில், தனித் தாளில் பட்டியல் எழுதாமல் 'சோர்ஸ்' கட்டத்திலேயே காற்புள்ளி இட்டு எழுதிவிடுவதும் உண்டு. ஆயினும் அங்கே 255 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. நாளைக்கு ஒரு பெயரைச் சேர்க்க நினைத்தால் மறுபடியும் அந்த ஜன்னலைத் திறந்தாக வேண்டும். ஆகவே வளரக்கூடிய எந்தப் பட்டியலையும் தனித் தாளில் வைப்பதே உத்தமம். அப்பட்டியலைக் 'கன்ட்ரோல்', 'டி' விசைகளை அழுத்தி ஓர் எக்செல் டேபிளாக மாற்றி வைத்துக்கொண்டால், கடைசியில் புதிய ரகத்தின் பெயரை எழுதிய மாத்திரத்தில் டிராப்டவுனிலும் அது தானாக வந்து சேரும்.

பட்டியலில் இல்லாத பெயரை ஒருவர் வலிந்து தட்டினால் என்ன செய்வதென்பதையும் நாமே நிர்ணயிக்கலாம். எக்செல் இதற்கு மூன்று நிலைகள் வைத்திருக்கிறது. 'ஸ்டாப்' என்பது முற்றாகத் தடுக்கும். 'வார்னிங்' என்பது 'இதைத்தான் எழுத வேண்டுமா?' என்று கேட்டு, ஆம் என்றால் விட்டுவிடும். 'இன்ஃபர்மேஷன்' என்பது தகவல் சொல்வதோடு ஒதுங்கிக்கொள்ளும். கண்டிப்பு வேண்டுமிடத்தில் முதலாவதும், புதிய பெயர்கள் அடிக்கடி வரக்கூடிய இடத்தில் இரண்டாவதும் ஏற்றவை. தடுக்கும்போது திரையில் தோன்றும் வாசகத்தை நம்முடைய மொழியில் நாமே எழுதலாம் என்பது பலர் கவனிக்காத சௌகரியம். எக்செல் தானாகச் சொல்லும் ஆங்கில எச்சரிக்கையைக் கண்டு மிரளும் புதிய ஊழியரிடம், 'இந்த ரகம் பட்டியலில் இல்லை. முதலாளியிடம் சொல்லிச் சேர்த்த பிறகு பதியவும்' என்று தமிழிலேயே சொல்ல முடிந்தால் வேலை தடையின்றி நடக்கும். கட்டத்துக்குள் நுழைந்தவுடனே தோன்றும் குறிப்பு ஒன்றையும் வைக்கலாம்: 'சாவித்திரி, பொன்மணி என்று கேட்டால் சி.ஆர். 1009 என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.'

ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியலை அடக்கும் முறையும் உண்டு. இதன் அவசியத்தை விதைக் கடையே நன்றாகக் காட்டும். 'ஆடுதுறை 3' என்ற பெயரில் உளுந்தும் உண்டு, பச்சைப்பயறும் உண்டு. பெயரை மட்டும் பதிந்தால் எது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் முதல் கட்டத்தில் பயிரைத் தேர்ந்தெடுக்கவும், அடுத்த கட்டத்தில் அந்தப் பயிருக்குரிய ரகங்கள் மட்டும் விரியவும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒவ்வொரு பயிரின் ரகங்களையும் தனித்தனிப் பத்தியில் எழுதி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பெயர் சூட்டி, இரண்டாவது கட்டத்தின் 'சோர்ஸ்' இடத்தில் 'இண்டைரக்ட்' என்னும் ஃபார்முலாவால் முதல் கட்டத்தைச் சுட்டினால் இது நடக்கும். பயிரின் பெயரும் பத்திக்குச் சூட்டிய பெயரும் ஒன்றாயிருத்தல் வேண்டும். பத்தியின் பெயருக்குள் இடைவெளி கூடாது. இதில் ஒரு பொறியும் இருக்கிறது: உளுந்து என்று தேர்ந்து, ரகத்தையும் தேர்ந்த பிறகு, பயிரை நெல் என்று மாற்றினால், பழைய உளுந்து ரகம் அழியாமல் அப்படியே நின்றுவிடும். பயிரை மாற்றுகிறவர் ரகத்தையும் மாற்றியாக வேண்டும் என்பதை ஊழியருக்குச் சொல்லி வைப்பது நல்லது.

இதுவரை சொன்னவை கருவியின் உபயோகம். கருவியைப் பழக அரை மணி நேரம் போதும். பட்டியலை எழுதுவதற்குத்தான் உண்மையான யோசனை வேண்டும். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களில் எதை ஏற்பது, எதை விடுவது என்னும் கேள்வி கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முன்பே எழுந்தது. 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பதவியை ஏற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் 1934-இல் நூற்பட்டியல் விதிகளையும் வெளியிட்டு, இத்தகைய கேள்விகளுக்குத் தம் வாழ்நாளை ஒப்படைத்தார். நூலகப் பட்டியல் மரபு இவ்விஷயத்தில் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. ஓர் ஆசிரியர் இயற்பெயரிலும் புனைபெயரிலும் அறியப்பட்டால், இரண்டில் ஒன்றையே தலைப்பாகக் கொண்டு அவருடைய நூல்களை எல்லாம் அதன்கீழ்ச் சேர்ப்பார்கள். விட்ட பெயரை வீசிவிடாமல், அதைத் தேடி வருகிறவரை ஏற்ற பெயருக்கு அனுப்பும் குறிப்பு ஒன்றையும் எழுதி வைப்பார்கள். சொ. விருத்தாசலம் என்று தேடுகிறவரைப் புதுமைப்பித்தனிடம் அனுப்புவது அவ்வகைக் குறிப்பு. விதைக் கடையின் பட்டியல் தாளிலும் இதையே செய்யலாம். முதல் பத்தியில் ஏற்ற பெயர். பக்கத்துப் பத்தியில் அந்த ரகத்துக்கு ஊரில் வழங்கும் மற்றப் பெயர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் வாடிக்கையாளர் சொன்ன பெயரைத் தேடி, ஏற்ற பெயரைக் கண்டுகொள்வார். மக்கள் வழங்கும் பெயருக்கும் அவமரியாதை இல்லை.

பட்டியல் எழுதும்போது கைக்கொள்ள வேண்டிய விதிகள் சிலவே. ஒரு பொருள் இரண்டு பெயர்களின்கீழ் வரக் கூடாது. ஒரு பெயர் இரண்டு பொருள்களைத் தழுவக் கூடாது. பட்டியலின் உறுப்புகள் ஒன்றையொன்று ஊடுருவக் கூடாது: 'பணம் செலுத்திய முறை' என்னும் கட்டத்தில் 'ரொக்கம், கடன், யு.பி.ஐ., வங்கி' என்று நான்கு இருந்தால், யு.பி.ஐ.யும் வங்கி வழியாகத்தானே வருகிறது என்று ஒருவர் அதையும் மற்றொருவர் இதையும் தேர்வார். குழப்பத்தை ஒழிக்க வந்த பட்டியலே குழப்பத்தை வளர்க்கும். வரிசையும் யோசித்துச் செய்ய வேண்டியதே. சிறிய பட்டியலாயின் அடிக்கடி வேண்டப்படுவதை முதலில் வைக்கலாம். பெரியதாயின் அகரவரிசையே நலம். எக்செல்லின் பட்டியல் ஒரு தடவைக்குச் சில பெயர்களையே காட்டுமாகையால், தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கே சற்று உருட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்; நூற்றுக்கணக்கான பெயர்கள் உள்ள இடத்தில், முன் சொன்னபடி பட்டியலைப் பிரித்து அடுக்குவதே வழி.

எல்லாப் பட்டியலின் இறுதியிலும் 'இதர' என்று ஓர் இடம் வைப்பது வழக்கம். அந்த இடம் வேண்டியதுதான். அது நிரம்பும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். 'இதர' என்பதன்கீழ்ப் பதிவுகள் குவிந்தால், பட்டியலில் இருக்க வேண்டிய பெயர் எதுவோ விடுபட்டிருக்கிறதென்று பொருள். அதோடு, மனிதர்களைப் பற்றிய கேள்விகளுக்கு முன்கூட்டியே பட்டியல் போடலாமா என்பதும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 2011-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி எது என்று கேட்டு, மக்கள் சொன்னதைச் சொன்னவாறே எழுதிக்கொண்டார்கள். கிடைத்த பெயர்கள் 19,569. அவற்றை நிபுணர்கள் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியபோது 1,369 தாய்மொழிகளும், வகைப்படுத்த இயலாத 1,474 பெயர்களும் நின்றன. பதினாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் மொழிகளைத் திரட்டியபோது வந்த எண்ணிக்கை 121. திறந்த கேள்வியால் நேர்ந்த சிரமம் எவ்வளவு என்பதற்கு இது சாட்சி. ஆயினும் கணக்கெடுப்பவர் கையில் 121 பெயர்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, இதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றிருந்தால், சிறு சமூகங்களின் தாய்மொழிகள் பதிவிலேயே இடம்பெறாமல் மறைந்திருக்கும். விடைகள் அனைத்தும் இன்னவை என்று முன்பே முழுதும் தெரிந்த இடத்தில்தான் பட்டியல் பொருந்தும். அறியாததை அறிவதற்காகக் கேட்கும் கேள்விக்குப் பட்டியல் இடையூறு.

டிராப்டவுனின் சக்தியை மிகையாக மதித்துவிடுவதும் பிழை. அது பெயர்களின் ஒற்றுமைக்கு உறுதி சொல்லும். உண்மைக்கு உறுதி சொல்லாது. ஆடுதுறை 43-க்கும் ஆடுதுறை 45-க்கும் பட்டியலில் ஒரு வரிதான் இடைவெளி. விரல் சற்று நழுவினால், எழுத்துப் பிழை எதுவும் இல்லாத, முற்றிலும் தவறான பதிவு ஒன்று விழுந்துவிடும். எழுத்துப் பிழையாவது கண்ணில் உறுத்தும். திருத்தமாக எழுதப்பட்ட பொய் உறுத்தாது. குறுவைக்கு ஏற்ற நூற்றுப்பத்து நாள் ரகமும், சம்பாவுக்குரிய நூற்றைம்பது நாளுக்கு மேற்பட்ட ரகமும் பதிவில் இடம் மாறினால், அடுத்த பருவத்துக்கு எதை எவ்வளவு வரவழைப்பது என்னும் நிர்ணயமே தவறிப்போகும். ஆகவே அன்றன்று மாலையில் பில்லையும் பதிவையும் ஒருவர் ஒத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிட இந்த வசதி ஒரு காரணமாகாது.

கருவிக்கே உரிய ஓட்டைகளும் உண்டு. வேறிடத்திலிருந்து காப்பி செய்து கட்டத்தில் பேஸ்ட் செய்தால், எக்செல் கேள்வி கேட்பதில்லை. பட்டியலில் இல்லாத பெயர் உள்ளே புகுவதோடு, கட்டத்துக்கு இட்டிருந்த வரம்பும் அழிந்துபோகலாம். பட்டியல் இடுவதற்கு முன்பே எழுதப்பட்ட பழைய பதிவுகளை அது தானாகத் திருத்தாது. 'டேட்டா வேலிடேஷன்' மெனுவிலுள்ள 'சர்க்கிள் இன்வேலிட் டேட்டா' என்பதை அழுத்தினால், வரம்பை மீறிய பதிவுகளைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டும். திருத்துவது நம் பொறுப்பு. பட்டியல் தாளில் ஒரு பெயரை மாற்றினாலும், முன்பு பதிந்த கட்டங்களில் பழைய பெயரே நிற்கும். இக்காரணங்களால் பட்டியலை யார் வேண்டுமானாலும் மாற்றும்படி விடாமல், அந்தத் தாளைப் பூட்டி, மாற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பது விவேகம்.

எல்லாக் கட்டங்களுக்கும் பட்டியல் போட வேண்டுமென்பதும் இல்லை. தேதிக்கும் தொகைக்கும் இதே 'டேட்டா வேலிடேஷன்' ஜன்னலில் வேறு வகை வரம்புகள் இருக்கின்றன: இந்த வருஷத்துத் தேதியாக இருக்க வேண்டும், மூட்டைகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று விதிக்கலாம். வாடிக்கையாளரின் பெயரையும் விலாசத்தையும் குறிப்புரையையும் சுதந்திரமாக எழுத விடுவதே சரி. எந்தப் பத்தியை வைத்துப் பின்னால் கூட்டவும், பிரிக்கவும், தேடவும் போகிறோமோ, அந்தப் பத்திக்கே பட்டியல் அவசியம்.

எக்செல் பேரேடு வைத்திருக்கும் கடைக்காரர், சங்கச் செயலாளர், பள்ளி அலுவலர் ஆகியோருக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் பதிவில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை எழுதுங்கள். அந்தப் பதிவை அன்றாடம் செய்கிறவர்களை அருகில் உட்கார வைத்து, எந்தப் பொருளை எந்தப் பெயரால் எழுதுவதென்று கலந்து முடிவு செய்யுங்கள். விட்ட பெயர்களையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் முடிந்த பிறகு டிராப்டவுன் அமைப்பது பத்து நிமிஷ வேலை. அந்தத் தாள் முடியாதவரையில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் உங்கள் கணக்கைச் சீர்செய்யப் போவதில்லை.